சுத்தமான பூஜ்யம்

“இன்னிக்கு அந்தக் கருவியில கரண்ட் நிக்கலைன்னா நம்ம பிழைப்பு நின்னுடும். புரியுதாம்மா?”

பேராசிரியர் கோட்டை மாட்டிக்கொண்டே பரபரத்தார். பத்து நாள் கருத்தரங்கு முடிந்து, பெட்டியும் கையுமாக நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார்.

“சார், அதுல ஒரு விஷயம்...” என்றாள் ஆராய்ச்சி மாணவி. ஆறு வருடமாக அங்கே குப்பை கொட்டுகிறாள். இன்று நிதி நின்றால் அவளுடைய பட்டமும் அம்போ.

“அப்புறம் சொல்லு. கார் வந்தாச்சு.”

நிதிக் குழுவின் தலைவி வந்தார். கைப்பையை மேஜையில் வைத்தார்.

“எனக்கு விஞ்ஞானமெல்லாம் தெரியாது. சுருக்கமாச் சொல்லுங்க. இங்க என்னதான் பண்றீங்க?”

“கிராஃபீன் மேடம்! பென்சில் முனையில இருக்கே, அந்தக் கரியை உரிச்சு உரிச்சு, ஒரே ஒரு அணு கனத்துக்கு எடுத்த ஏடு. அதுல எலக்ட்ரான் அவிழ்த்துவிட்ட கன்னுக்குட்டி மாதிரி ஓடும். ஓட விடறது பெரிசில்ல. நிறுத்தறதுதான் உலகத்துக்கே தலைவலி. நிறுத்தத் தெரிஞ்சாத்தான் அதுல சிப் பண்ண முடியும்.”

“ஆறு வருஷமா நின்னுதா?”

“நீங்களே பாருங்க!”

கணினித் திரையில் கரண்டின் அளவைக் காட்டும் கோடு அடியில் படுத்துக் கிடந்தது. அசையவில்லை. பேராசிரியரே ஒரு கணம் அசந்துபோனார். பிறகு குரல் தானாக உயர்ந்தது.

“பூஜ்யம் மேடம்! சுத்தமான பூஜ்யம்!”

“சார்...” மாணவி வாசலைப் பார்த்தாள்.

“வாசல்ல என்னம்மா பார்வை? ரொம்ப அடக்கமான பொண்ணு மேடம். தான் சாதிச்சதைத் தன் வாயால சொல்லவே மாட்டா.”

தலைவி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். “ஒண்ணுமே தெரியலையே?”

“ஒரு அணு கனம்! தெரிஞ்சாத்தான் தப்பு.”

“சரி, மறுபடி ஓடவிட்டுக் காட்டுங்களேன்.”

“ஓடறதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? அதுதான் ஆறு வருஷமா ஓடிச்சே மேடம்!”

தலைவிக்கு அது நியாயமாகவே பட்டது. மூன்று வருட நீட்டிப்பு என்று எழுதினார். மாணவிக்கு இந்த வருடமே பட்டம் தரலாம் என்று இன்னொரு வரி சேர்த்தார். நான்கு பிரதியிலும் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

“நீ என்னமோ சொல்ல வந்தியேம்மா. இப்ப சொல்லு,” என்றார் பேராசிரியர்.

மாணவி வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஹெல்மெட்டோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“கூரியர்! பார்சல் ஒரு வாரமா சுங்கத்துல மாட்டிக்கிச்சுங்க. கிராஃபீன் ஏடு, ஒண்ணு. யார் வாங்கிக்கறீங்க?”

“பழைய ஏடு கிழிஞ்சுபோச்சு சார்,” என்றாள் மாணவி தரையைப் பார்த்தபடி. “உங்களுக்கு நாலு மெயில் போட்டேன். புதுசு வர்றவரைக்கும் ஏடே இல்லாம வெறும் கருவி என்ன காட்டுதுன்னு சோதிச்சுட்டிருந்தேன்.”

பேராசிரியர் கணினித் திரையை மெல்ல அணைத்தார்.

தலைவி கையெழுத்துப் போட்ட காகிதங்களைப் பார்த்தார். பார்சலைப் பார்த்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“மூணு வருஷத்துக்கு அந்தப் பார்சலைப் பிரிச்சுடாதீங்க. நான் கையெழுத்துப் போட்டாச்சு.”