‘ம்’ மட்டும் பாக்கி

ஜன்னல் வெயிலில் பலகையைச் சாய்த்துவைத்து, வாசலில் மாட்டுவதற்கு ‘இல்லம்’ என்று செதுக்குகிறாள் அவள். இலையும் பூவும் கைவந்துவிட்டன. எழுத்து இதுதான் முதல் தடவை. லகரத்தின் சுழிக்குத்தான் எத்தனை வீம்பு. மரத்தின் ரேகைக்குக் குறுக்கே உளியைத் திருப்பினால் சிலாம்பு பெயர்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தட்டுகிறாள். அதே வீம்புதான் அப்பனுக்கும் பிள்ளைக்கும். வாய்ச்சண்டையில் மகன் வீட்டைவிட்டுப் போய் இன்றோடு நாலு நாள். மரத்தூள் படிந்த ஃபோன் பக்கத்திலேயே கிடக்கிறது. கணவர் வந்து நிற்கிறார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: “பையன் ஃபோன் பண்ணானா?” இரண்டாவது லகரத்தில் ஒட்டியிருக்கும் சீவலை ஊதிவிடுகிறாள். ‘ம்’ இன்னும் வெட்டவில்லை. அவர் குனிகிறார்; பலகையில் இருப்பதைப் படிக்கிறார்: ‘இல்ல.’