டயரும் பஞ்சுவும் இன்னும் பழகவில்லை

சாவியைப் பாதி திருப்பியபோதே உள்ளே மருமகள் சிரிப்பது கேட்டது.

வீட்டில் இந்த நேரத்தில் அவளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு பூனைகள் உண்டு. ஆனால் அவை சண்டைக்கார நாடுகள் மாதிரி, நடுவில் சாத்திய கதவோடு இருப்பவை.

பெரியவர் வாசற்கதவை விரல் நுழையும் அளவுக்குத் திறந்தார்.

அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவந்து ஓடிப்போவாள். அந்நேரம் அவர் நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இன்று அங்கே சுவருக்கு வர்ணம் அடிக்கிறார்களாம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவளுடைய வெள்ளைப் பூனை பஞ்சு, முழங்காலுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது டயர்.

டயர் அவருடையது. பஸ் டெப்போவில் ஒரு பழைய டயருக்குள் குட்டியாகக் கிடைத்தது. நிறமும் அதே நிறம்தான். உடம்பில் மருந்துக்குக்கூட வெள்ளை கிடையாது.

டயரை இங்கே பழக்கிவிட்டுப் போகத்தான் அவர் வந்திருந்தார். மனைவி போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, முதியோர் இல்லம் ஒன்றில் அறைக்குச் சொல்லி வைத்தார். அங்கே பூனை கூடாது. மகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். ஆகவே மருமகளிடம்தான் சொன்னார்: இரண்டும் பழகுகிற வரைக்கும் இருக்கிறேன், பழகியதும் கிளம்பிவிடுகிறேன்.

“இங்கயே இருந்துடுங்களேன் மாமா” என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

முடிவு பண்ணியாச்சு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். முன்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவார்; பின்னால் எடுப்பதென்றால் மட்டும் யாராவது இறங்கி நின்று, வண்டியின் முதுகில் தட்டிச் சொல்ல வேண்டும்.

அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவசரம் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். புதிதாக வந்ததைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். ஒன்றின் கன்னத்தைத் துடைத்த துணியை மற்றதன் தட்டுக்கு அடியில் போட வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சாப்பிடவிட வேண்டும். சீறுவது நின்றால்தான் கதவைத் திறக்கலாம்.

சீறுவதுதான் நிற்கவில்லை. மத்தியானம் கதவுக்கு அடியில் கையை விட்டு ஒரே அடிதடி என்று தினமும் சாயங்காலம் அவள் சொல்லுவாள். காலையிலும் அதே ரகளைதான் என்று அவர் சொல்லுவார். பஞ்சுவுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை, டயரின் வாடை என்மேல் அடிக்கிறது போலிருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்வார்.

நேற்றும் இல்லத்திலிருந்து போன் வந்தது. அறையை இன்னும் எத்தனை நாள்தான் பிடித்து வைப்பது என்று கேட்டார்கள். பூனைகள் இன்னும் பழகவில்லை என்றார். பூனைகளா என்று மறுமுனையில் திருப்பிக் கேட்டார்கள்.

இப்போது கதவிடுக்கு வழியாக அந்தப் பூனைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு டயரை இரண்டு கையாலும் அள்ளினாள். அது எலும்பே இல்லாததுபோல் தொங்கியது.

“போதும்டா கொஞ்சினது, தாத்தா வந்துடுவாரு. உள்ள போய் நல்லா சீறு, பார்க்கலாம்!”

பெரியவர் ஓசைப்படாமல் கதவை மூடினார். ஒரு மாடி கீழே இறங்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, படிக்குப் படி செருப்பை அறைந்து மறுபடியும் ஏறிவந்தார். சாவிக்கொத்தை இருக்கிற சத்தமெல்லாம் வருகிற மாதிரி குலுக்கினார்.

உள்ளே போனபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. பஞ்சு சன்னல் திட்டில் உட்கார்ந்து, யாரோ தன் தூக்கத்தைக் கெடுத்துவிட்ட முகத்தோடு பார்த்தது.

இன்றைக்கும் சண்டைதான் என்றாள் அவள், தட்டைக் கழுவிக்கொண்டே. நாளாகும், என்ன அவசரம் என்றார் அவர்.

பையை ஆணியில் மாட்டத் திரும்பினார். குழாய் நின்றது. அவள் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது.

தோள்பட்டைக்குப் பின்னால் அவளுடைய ஈர விரல்கள் எதையோ கிள்ளி எடுத்தன. அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

நீளமாக ஒரு வெள்ளை முடி.

அவர் தலை வழுக்கையாகி வெகுகாலம் ஆகிறது.

காலையில் அவள் கடைக்குக் கிளம்பியதும் அவர் செய்கிற முதல் வேலை அந்த அறைக்கதவைத் திறந்துவிடுவதுதான். டயர் காலைச் சுற்ற, பஞ்சு தோளில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, பாத்திரம் கழுவுவார். மதியத்துக்கு முன்னால் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டு ஈரக் கையால் சட்டையைத் துடைத்துக்கொள்வார். முதுகுப் பக்கம் கை எட்டாது.

அவள் விரல்களைப் பிரித்தாள். முடி மிதந்து கீழே இறங்கியது.

“தூசி மாமா” என்றாள்.

பிறகு, அதைத் தட்டிவிடுகிறவளைப் போல, அவர் முதுகில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள்.