ரங்கூன் தட்டு

"இந்தத் தட்டு உங்க வூட்டுக்கு எப்படி வந்துச்சு?"

பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தபடி பதருன்னிசா கேட்டாள். பெண் பார்க்கக் கருங்குழியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா அவள். பெண்ணின் அம்மா ரோஷன் பீவி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க தாத்தா ரங்கூன்லேர்ந்து கொண்டாந்ததுக்கா. பரம்பரைச் சாமான்" என்றாள், கூசாமல்.

கூசாமல் என்பது வெளிப்பார்வைக்குத்தான். உள்ளுக்குள் குறுகிப்போனாள். அவளுடைய தாத்தா செங்கல்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி ஒரு நாளும் ரயிலேறியவர் இல்லை.

அந்தத் தட்டுகளைக் கொண்டுவந்தது அவள் புருஷன் அப்துல் கையூம். கடைத்தெருவில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருப்புக்கொள்ளாது. மெட்ராஸுக்குப் போய் ஏலக்கடையில் பழியாகக் கிடப்பார். வெள்ளைக்காரன் விட்டுப்போன பூப்போட்ட தட்டு, பட்டை வைத்த கண்ணாடிக் கிண்ணம், பிடி உடைந்த கோப்பை என்று எதையாவது வைக்கோலில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவருவார். "இங்கிலாந்து சரக்கு புள்ள! சத்தத்தக் கேளு" என்று விரலால் சுண்டிக் காட்டுவார். நொடித்துப்போன எந்த வீட்டுக்காரி அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்ததோ என்றுதான் ரோஷனுக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நல்ல காரியத்துக்கு வந்தவர்களுக்கு ஏலச்சாமானில் சோறு போட்டார்கள் என்று தெரிந்தால் எந்தச் சம்பந்தி பொறுப்பாள்? மகள் சம்சாத்துக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது மூன்றாவது. பையனுக்குக் கல்பாக்கத்தில் புதிதாகக் கட்டுகிற அணுமின் நிலையத்தில் சர்க்கார் உத்தியோகம். இன்றைக்கு ஒரு நாளாவது சாதாரணத் தட்டில் போடலாம் என்று ரோஷன் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கையூம் கேட்டால்தானே? அலமாரியில் எட்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த நீலப்பூ செட்டு முழுவதையும் எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் முன்னறைக்குப் போனார்.

முன்னறையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள். பிரியாணி தம் உடைத்தாகிவிட்டது.

"ஆம்பளைங்களுக்கு இதுலயா போடப்போறீங்க?" என்றாள் பதருன்னிசா.

"ஆமாங்க்கா."

"வேணாம். எங்க வூட்டுக்காரருக்கு எலையில சாப்ட்டாத்தான் புடிக்கும். எலை இல்லியா?"

"கீதுக்கா. ஆனா வந்தவங்களுக்குப் போயி..."

"எலையே போடுங்க. இதையெல்லாம் மொதல்ல எடுத்து உள்ள வைங்க."

குரலில் அப்படியொரு கறார். ரோஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தெரிந்துவிட்டது, கவிழ்த்துப் பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தாள். அடுக்களை வாசலில் தலை குனிந்து நின்ற சம்சாத்தைப் பதருன்னிசா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தட்டுகளையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று போட்டிருந்த தட்டையும் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள்.

"இன்னா புள்ள, எவ்ளோ நேரம்? சம்பந்தி கை கழுவிட்டு ஒக்காந்துகினு கீறாரு!" முன்னறையிலிருந்து கையூமின் குரல் வந்தது. "அந்த நீலப்பூ தட்டுல போட்டுக் குடு!"

ரோஷனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மகளுடைய கல்யாணப் பேச்சைப் பொய்யில் ஆரம்பித்துவிட்டோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மூன்றாவது இடமும் போனால் போகட்டும். ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

சம்சாத்தை வெளிக்கட்டுக்கு அனுப்பிவிட்டு, பதருன்னிசாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க. ரங்கூனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எங்க வூட்டுக்காரரு மெட்ராஸ் ஏலத்துல எடுத்தாந்தது. அல்லா மேல பயமில்லாம உங்களாண்ட பொய் சொல்லிட்டேன்."

பதருன்னிசா திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கோவமா கீறது எனக்குப் புரியுது. தப்பு என்னுது, எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க வூட்டுக்காரரும் ஏமாந்துடக் கூடாது. இப்பவே எங்க வூட்டுக்காரரக் கூப்புட்டு, இது ஏலத்துல எடுத்ததுன்னு அவருகிட்ட சொல்லிடச் சொல்றேன்."

எழுந்து திரையை நோக்கிப் போனவளின் கையைப் பதருன்னிசா எட்டிப் பிடித்தாள்.

"சொல்லாத தங்கச்சி. உன் கால்ல வேணா விழறேன், ரங்கூன் தட்டாவே இருக்கட்டும்" என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "இது எங்க வூட்டுத் தட்டு. எங்க மாமனாருக்கு ஒரு வெள்ளைக்கார என்ஜினீரு குடுத்துட்டுப் போனது. எங்கண்ணன் ஆபரேஷனுக்கு இவருகிட்ட டப்பு கேக்க வாய் வராம, நாந்தான் யாருக்கும் தெரியாம வித்தேன். வேலைக்காரி காசியம்மா திருடிட்டான்னு சொல்லி, பதினாறு வருசம் எங்க வூட்ல ஒழைச்சவள இவரு தெருவுல நிக்க வெச்சு அடிச்சாரு. நானும்தான் சேந்து அடிச்சேன்."