கடைசி பி.டி. பீரியட்

"ஷார்ட்ஸ் எங்கேம்மா?"

"கொண்டு வரல சார்."

"மறந்துட்டியா?"

"இல்ல சார். வேணும்னேதான் கொண்டு வரல."

ஸ்வென்சனுக்குச் சுர்ரென்று ஏறியது. நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பிரின்சிபல். பி.டி. மாஸ்டர் ரஸ், அண்ணன் பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு போடப் போய், உதை வாங்கிக் காலை உடைத்துக்கொண்டார். அதனால் வருடத்தின் கடைசி பீரியடுக்குப் பிள்ளைகளை ஜிம்மில் வரிசையாக நிறுத்தும் வேலையும் இவர் தலையில் விழுந்திருந்தது. எல்லோரும் ஷார்ட்ஸில் நிற்க, டெலானி மட்டும் கறுப்புப் பேன்ட்டும் இஸ்திரி போட்ட சட்டையுமாகக் கூடைப்பந்துக் கம்பத்தடியில் தனியாக நின்றாள்.

"உனக்கு வருகை குறைச்சல். இன்னைக்கும் ஆப்சென்ட் விழுந்தா பி.டி. ஃபெயில். ஃபெயில்னா சனிக்கிழமை பள்ளி நிறைவு விழாவுல மேடை ஏற முடியாது. பன்னிரண்டாவது சான்றிதழும் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அது இல்லாம லிங்கன்ல யுனிவர்சிட்டியில சேர்த்துக்க மாட்டாங்க. அதனாலதான் வந்திருக்கேன்."

"வந்து? வேடிக்கை பார்க்கவா?"

வரிசையிலிருந்து ட்ரென்ட் குரல் கொடுத்தான். "விடுங்க சார், அவங்க பட்டதாரி! பந்தைத் தொட்டா பட்டம் கரைஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேலியில் உண்மையும் இருந்தது. பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடங்களையும் படித்து அவற்றுக்கான கிரெடிட்டும் சேர்க்கலாம் என்ற திட்டத்தில், இரண்டு வருடமாக மத்தியானமானால் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு ஓடியவள் டெலானி. போன வாரம் அங்கே இரண்டு வருடப் பட்டத்தையே வாங்கிவிட்டாள். பள்ளிப் படிப்பு முடியவில்லை, கல்லூரிப் பட்டம் கையில். இந்தக் கூத்து ஸ்வென்சனுக்குக் கடைசி வரை ஜீரணமாகவில்லை.

"காலேஜ் காலேஜ்னு ஓடாதேன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா?"

"லேப் இருக்கிற நேரமா பார்த்து பி.டி.யைப் போட்டீங்க. மாத்திக் கொடுங்கன்னு எத்தனை தடவை வந்து நின்னேன்! ஸ்கூல் ஒண்ணும் உனக்காக நடக்கலன்னு அனுப்பிட்டீங்க."

"இப்பவும் அதையேதான் சொல்றேன்!"

"கணக்குல ஏ, உயிரியல்ல ஏ. காலேஜ்ல வாங்கினது சார். பந்து விளையாட வரலன்னு என்னை இன்னொரு வருஷம் இங்கேயே உட்கார வைப்பீங்க, அதுக்கு நான் தலை குனிஞ்சு நிக்கணுமா? மாட்டேன்."

ஸ்வென்சனின் காது சிவந்தது. பிரின்சிபல் ஆனதிலிருந்து இப்படி முகத்துக்கு நேராக அவரிடம் யாரும் பேசியதில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருப்பதாக உள்ளுக்குள் பட்டதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, உன்கூட எனக்கென்ன பேச்சு? ரஸ்ஸுக்குப் பதிலா ஒரு மாற்று டீச்சரை மாவட்ட அலுவலகத்துல அனுப்பறாங்க. ஒரு வாரமா கெஞ்சி, தகுதியையெல்லாம் குறைச்சு, இப்பத்தான் ஆள் கிடைச்சிருக்கு. அவங்க வந்து வருகை எடுக்கட்டும். அப்ப தெரியும் உன் வாய்."

"எடுக்கட்டும் சார். எனக்கும் அதுதான் வேணும்."

கொஞ்சமும் அசையாமல் நின்றாள். இவளுக்கு வீட்டில் யாரும் புத்தி சொல்லவே மாட்டார்களா என்று முணுமுணுத்தபடி, ஸ்வென்சன் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து ஆபீஸை அழைத்தார்.

"மார்லீன், அந்த மாற்று டீச்சர் எங்கே? இன்னும் ஆளையே காணோமே!"

"அப்பவே வந்தாச்சே சார், ஜிம்முக்குத்தான் அனுப்பினேன். பதினெட்டு வயசு, கல்லூரிக் கிரெடிட் அறுபது, எல்லாம் சரியா இருந்துச்சு. புது விதிப்படி அது போதும்தானே?"

அவர் முதுகுக்குப் பின்னால் விசில் சத்தம் காதைப் பிளந்தது.

"ட்ரென்ட், நேரா நில்லு! வருகை எடுக்கப் போறேன்," என்ற டெலானி, முதல் பெயராகத் தன் பெயரையே கூப்பிட்டு, தானே கையைத் தூக்கினாள்: "உள்ளேன் டீச்சர்!"