சீர் சைக்கிளுக்குக் கோட்டம்

"இன்னாய்யா கம்பெனி அது? மாப்பிள்ளைக்குச் சீர் குடுத்து ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள வீலு கள்ளு குடிச்சவன் மாதிரி ஆடிக்கினு வருது!"

லோகாம்பாள் போட்ட சத்தத்தில், கண்ணாயிரத்தின் சைக்கிள் கடைக்கு எதிரே தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் புருஷன் தணிகாசலம் சைக்கிளைப் பிடித்தபடி நெளிந்தான். சாயப்பட்டறையில் நூலை முக்கி முக்கி முழங்கை வரைக்கும் அரக்குச் சாயம் ஏறிய கை அவனுக்கு. தலை தீபாவளிக்கு மருமகன் ராஜவேலுவுக்கு அவன் வாங்கிக் கொடுத்த புது சைக்கிள் அது. வரி கட்டி மாட்டிய முனிசிபாலிட்டி பில்லைகூட இன்னும் மங்கவில்லை. முன்சக்கரம் மட்டும் இதோடு மூன்றாவது தடவையாகக் கோணிக்கொண்டது. "கம்பெனி வீல் சரியில்லை போல மாமா" என்று நேற்று ராஜவேலுவே தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"மெதுவாப் பேசுடி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். மாப்பிள்ளை தங்கமானவரு, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அவுங்க அம்மா அப்படியா? 'இந்தா ஒங்க சீரு'ன்னு கொண்டாந்து நம்ம வாசல்ல சாத்திட்டா, வள்ளி அந்த வீட்டுல தல நிமிந்து சோறு துன்ன முடியுமா?"

தணிகாசலத்துக்கும் அதே பயம்தான். மகள் வள்ளி மசக்கையில் வேறு இருக்கிறாள். அவளுக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது ஆக்கி எடுத்துக்கொண்டு லோகாம்பாள் தினமும் விடியும் முன்னே ஓரிக்கையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு நடந்து போய் வருகிறாள். மாப்பிள்ளை வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, அதுவும் பாதிக் குரலில் பேசுகிறவள். அவளே கடைத்தெருவில் இப்படிக் கத்துகிறாள் என்றால், அங்கே சம்பந்தியம்மாள் என்னவெல்லாம் குத்திக்காட்டினாளோ!

கண்ணாயிரம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸைப் பிடித்தான். ஒரே ஒரு இடம் வரும்போது மட்டும் சரக், சரக் என்று உரசியது.

"கம்பெனி மேல பழி போடாதேக்கா. மிஷின் முறுக்கின கம்பி, ஏறி ஓட்டினா கொஞ்சம் தளரத்தான் செய்யும். மொதத் தடவை நான் கம்பிய முறுக்கிக் கோட்டம் எடுத்தது அதுக்குத்தான். அப்புறம் பாவு மாதிரி வெறைப்பா நிக்கணும். பத்து வருசத்துக்கு இன்னான்னு கேக்கத் தேவையில்ல."

"அப்போ உன் கைதான் சரியில்ல! சாவி புடிக்கத் தெரியாதவன்லாம் கடை வெச்சா இப்படித்தான். யோவ், நாளைக்கே விக்கிறவங்கிட்ட போயி சண்டை போட்டு வேற வீலு வாங்கிக்கினு வா. மாப்பிள்ளைய மட்டும் ஒண்ணும் கேக்காத, ஆமா!"

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அவள் தெரு திரும்பியதும் கண்ணாயிரம் தணிகாசலத்தைப் பக்கத்தில் இழுத்தான்.

"அண்ணே, இது தளர்ந்த வீல் இல்ல. கீழ வுழுந்து அடி வாங்கின வீலு. இத்தப் பாரு, கைப்பிடிக்குள்ள பூரா ஆத்து மணலு."

"அதுக்கு?"

"உன் மாப்பிள்ளை சைக்கிள் மேல ஏறி ஓட்டி நீ எப்பவாச்சும் பாத்திருக்கியா?"

தணிகாசலம் யோசித்தான். ராஜவேலு வரும்போதெல்லாம் தெருமுனையிலிருந்தே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். மாமனார் கண் எதிரே ஏறி உட்காரக்கூடாது என்று மரியாதை பார்க்கிறார் என நினைத்து, அதைப் பட்டறை முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறான்.

"அடப்பாவி, அப்போ அது மரியாதை இல்லியா?"

"பயம்ணே, பயம்!"

இரண்டு பேருக்கும் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. கண்ணாயிரம் கம்பி முறுக்கும் நிப்பிள் சாவியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பாவு நீட்டியவர்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். தணிகாசலத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சீரில் குறை இல்லை, மானம் பிழைத்தது. ஓட்டத் தெரியாத பிள்ளைக்கு ரெண்டு நாள் கூடமாட நின்று சொல்லிக்கொடுத்தால் ஆயிற்று!

சாயங்காலம் ராஜவேலு வந்து, கோட்டம் எடுத்த சைக்கிளை வழக்கம்போலத் தள்ளிக்கொண்டு போனார். தணிகாசலம் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் விடியற்காலை லோகாம்பாள் தூக்குச்சட்டியோடு கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் கழித்து, அவன் கண்ணாயிரத்திடம் ஒரு வாடகை சைக்கிளை வாங்கிக்கொண்டு, ஆற்று மணல் காட்டிக்கொடுத்த ஓரிக்கைப் பாலாற்றங்கரைக்கு விட்டான் ஒரு விடு.

கரை இறங்கியதுமே மாப்பிள்ளை கண்ணில் பட்டார். ஆனால் சைக்கிள் மேல் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீட்டைப் பிடித்தபடி இறுகின மணலில் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"கீழ பாக்காதீங்க! நேராப் பாருங்க! மிதிங்க, மிதிங்க... கைய வுட்டுட்டேன்!"

சைக்கிள் இப்படி ஒரு வெட்டு, அப்படி ஒரு வெட்டு வெட்டி, விடாமல் மணி அடித்துக்கொண்டு, நேராகத் தணிகாசலத்தைப் பார்த்தே வந்தது. மேலே, கீழ்ப்பாய்ச்சிக் கட்டிய சேலையோடு லோகாம்பாள்.

"யோவ், எட்டப் போய்யா! மாப்பிள்ளை இன்னும் பிரேக்கு புடிக்கச் சொல்லித் தரல!"