பதினாறு எழுத்து ரகசியம்

"கடவுச்சொல் உன்னைத் தவிர வேற யாருக்காவது தெரியுமா?" என்று மேலாளர் தோன் அர்னுல்போ திருவிழா விடுமுறைக்கு முன்பு கேட்டபோது, யுலியேத் நெஞ்சை நிமிர்த்தினாள். இருபது கிளவுட் கணினிகளை ஒன்றாக இணைத்து, பதினாறு எழுத்தில் பூட்டுப் போட்டவள் அவள்தானே!

"என் நிழலுக்குக்கூடத் தெரியாது, தோன் அர்னுல்போ!"

மெதெயின் நகரப் பூத்திருவிழாவில் ஒரு வாரம் ஆடித் தீர்த்துவிட்டு வந்தவளுக்கு இன்று அந்தக் கடவுச்சொல் சுத்தமாக மறந்துவிட்டது. அந்தக் கணினிகள் இயங்குவதைப் பார்க்க வாடிக்கையாளர்கள் அடுத்த அறையில் காத்திருந்தார்கள்.

"எங்கயாவது எழுதி வச்சியா?" என்றார் தோன் அர்னுல்போ.

"பாதுகாப்புக்காக எழுதல..."

"அப்ப வேற வேலை தேடிக்கோ."

மேசை மேசையாகக் கறுப்புக் காப்பி கொடுத்துவந்த நூபியா அம்மா, காகிதக் கைக்குட்டையில் பதினாறு எழுத்தையும் மளமளவென்று எழுதி நீட்டினாள். யுலியேத் அதைப் பார்த்துத் தட்டியதும் எல்லாம் திறந்துகொண்டது.

"உங்களுக்கு எப்படி...?"

"தட்டுறப்பல்லாம் ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லுவியே, கண்ணு! இந்த மாடிக்கே மனப்பாடம்."

தோன் அர்னுல்போ தன் காப்பியை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களை அழைத்துவரப் போனார்.