உப்பு போடாத கஞ்சி

தண்ணீர் கொதித்ததும் ஓட்ஸைக் கொட்டினேன். கை தானாக உப்பு டப்பாவுக்குப் போனது. திட்டி இழுத்துக்கொண்டேன்.

உப்பு கூடாது. சர்க்கரை கூடாது. பாலும் கூடாது. வெறும் தண்ணீர்தான். இரண்டாவது மாடி வர்ஷினி, நாய் டாக்டரிடம் போனில் கேட்டுச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனாள். ஓட்ஸும் அவள் கொடுத்ததுதான்.

பாக்கெட்டின் மேல் பால் ஊற்றுகிற மாதிரி படம் போட்டிருந்தது. கவிழ்த்து வைத்தேன்.

என் வாட்ச்மேன் ரூமுக்கு எதிரே, மோட்டார் ரூம் நிழலில் பஞ்சு சுருண்டு கிடந்தது. எங்கள் தெருநாய். வெள்ளையாகத்தான் இருக்கும். இப்போது பின்பக்கம் முழுக்க அழுக்கு.

அதற்கு வந்தது வியாதி இல்லை. வயிற்றுக்குப் புண்ணியம் ஒத்துக்கொள்ளவில்லை.

தேய்பிறை அஷ்டமியன்று எங்கள் அபார்ட்மென்டே அதை வைரவர் வாகனம் என்று கும்பிட்டது. ஒருவர் வடை. ஒருவர் பால். ஒருவர் நெய் சொட்டச் சொட்ட ஜாங்கிரி. வைத்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்கள். விடிந்ததும் அதற்கு வாந்தி, பேதி.

அந்த வேதனையில்தான் அது ஆளைக் கடித்தது.

அஷ்டமிக்கு வாகனம். தசமிக்கு வெறிநாய்.

நாய் பிடிக்கிற வேன் கேட்டுக்கு வெளியே நின்றது. வரவழைத்தவர் அசோசியேஷன் செக்ரட்டரி சந்திரமௌலி சார். வெறி பிடித்த நாய்தான் சோறு தண்ணீர் தொடாது என்பது அவர் பேச்சு. பஞ்சுவும் கடித்ததிலிருந்து எதையும் தொடவில்லை. இந்தத் தெருவிலிருந்து வேனில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

வேன்காரர் கருணாகரனிடம் நான் கெஞ்சவில்லை. கஞ்சி ஆறுகிற வரை நில்லுங்கள், தின்றால் விட்டுவிடுங்கள், தின்னாவிட்டால் கொண்டு போங்கள் என்றேன். அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பீடி பற்ற வைத்தார். அதுவே சம்மதம்.

இஸ்திரி வண்டியிலிருந்து காஷிஃப் கத்தினான்.

"இன்னா ஹனீஃபா மாமா, நோன்புக் கஞ்சிக்குக் கூட நீ இவ்ளோ நேரம் கிண்டினதில்லயே! உனுக்கு வெக்கமே இல்லியா? நாய் நக்குன சட்டிய ஏழு தபா கழுவணும், தெரியுமில்ல?"

"எட்டு தபா கழுவிக்கிறேன். நீ சட்டையப் பாரு. கருகிக்கினு கீது."

அவன் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கினான். வேன்காரர் சிரித்துவிட்டார்.

சந்திரமௌலி சார் சிரிக்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா ஹனீஃபா? கொழந்தேள் ஓடியாடற எடம். அதுகிட்ட போகாதே, சொல்லிட்டேன்."

"நீங்க வெச்ச வடைதான் சார் அது வயித்துல நின்னுக்கினு கீது."

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று குனிந்து எட்டிப் பார்த்தார்கள். கேட்டில் நிற்கிறவன் செக்ரட்டரியிடம் அப்படிப் பேசக்கூடாது. பேசிவிட்டேன். இனி என்ன, இந்த வேலை போனால் பழையபடி மணல் மூட்டை சுமக்க வேண்டியதுதான்.

கஞ்சியை மண்சட்டியில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றினேன். விரலை விட்டுப் பார்த்தேன். சூடில்லை. கொண்டுபோய்ப் பஞ்சுவின் முன்னால் வைத்துவிட்டு, எழுந்து வராமல் அங்கேயே உட்கார்ந்தேன்.

சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

பஞ்சு கண்ணைத் திறந்து பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது.

"பாத்தியா? தொடலை. நாந்தான் சொன்னேனே" என்றார் சந்திரமௌலி சார்.

வேன்காரர் பீடியைக் காலில் தேய்த்து அணைத்தார். கயிறு தோளிலிருந்து கைக்கு வந்தது.

நான் அசையவில்லை. நாயைத் தூக்கவேண்டுமென்றால் முதலில் என்னைத் தாண்ட வேண்டும்.

மூக்குதான் முதலில் அசைந்தது. பிறகு கழுத்து. முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்று, முடியாமல், படுத்தபடியே வாயைச் சட்டிக்குள் விட்டது. ஒரு நக்கு. நிறுத்தியது. இன்னொரு நக்கு. உப்பில்லை, ருசியில்லை, ஒன்றுமில்லை. அதைப் போய் அமிர்தம் மாதிரி நக்கியது. பக்கத்தில் வைத்திருந்த தண்ணீரையும் சப்புச் சப்பென்று குடித்தது.

மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

"துன்னுதே சார். தண்ணியும் குடிக்குது" என்றார் வேன்காரர்.

"ஆனா கடிச்சிருக்கே! ஒரு ஆளைக் கடிச்சிருக்கேய்யா!"

"சரி, கடி வாங்கின ஆளைக் கூப்புடுங்க. அவரு வாயால தூக்கச் சொல்லட்டும், தூக்கிக்கினு போறேன்."

மாடியில் இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினேன். பல் இறங்கிய இடம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருந்தது.

"ஊசி போட்டுக்கினேன்" என்றேன். "தூக்கச் சொல்ல மாட்டேன்."

வேன்காரர் என் கையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். "உன்னையே கடிச்சிருக்கு. அதுக்குப் போய் கஞ்சி காச்சுறியே நைனா!"

"வலிக்கிற வயித்துல போய் கைய வெச்சேன். கடிச்சுது. என் வயித்துல யாராவது வெச்சிருந்தா நானும்தான் கடிச்சிருப்பேன்."